கறுப்புத் துணி எங்கிருந்து வந்தது

தில்லியில் பிரார்த்தனைக்கு நடந்து போய்க்கொண்டிருந்த அந்தப் பெரியவரைச் சுட்டது யார் என்று சில நாட்களில் நாட்டுக்கே தெரிந்துவிட்டது. எங்கள் திருத்தணிக்கு மட்டும் தெரிந்தது போதவில்லை. செத்தவர் ஒருவர்தான். கொன்றவர்களை எங்கள் ஊர் பெருக்கிக்கொண்டே போனது. கடைசியில் அந்த வரிசையில் என் வீட்டுக்காரரையும் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

நாற்பத்தெட்டாம் வருஷத்துக் கதை இது. இதை வேறு மாதிரி சொல்கிறவர்கள் இன்றைக்கும் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும். நான் என் கண்ணால் பார்த்ததையும் என் வாயால் பேசியதையும் எழுதுகிறேன். யார் பெயரும் இதில் வராது. வீட்டுக்காரர் பெயரை அவர் இருந்தபோதே நான் சொன்னதில்லை, இப்போது எழுதவா போகிறேன்? பெரியவர் பெயரை எழுதத் தேவையே இல்லை. மற்றவர்களுக்குப் பிள்ளை குட்டிகள் இருக்கிறார்கள்.

நாங்கள் தையற்காரர்கள். வீட்டில் பேசுவது மராட்டி. எந்த ராஜாவின் படைக்குப் பின்னால் கூடாரம் தைத்துக்கொண்டு எங்கள் முன்னோர் தெற்கே வந்தார்கள் என்பது எங்களுக்கே தெரியாது. வந்த இடத்தில் தமிழும் தெலுங்கும் கலந்து கலந்து எங்கள் மராட்டி கூட்டாஞ்சோறு ஆகிவிட்டது. ஒருமுறை பூனாவிலிருந்து முருகனைப் பார்க்க வந்த குடும்பத்திடம் வீட்டுக்காரர் ஆசையாக மராட்டியில் பேசப்போக, அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, இது எந்த ஊர் பாஷை என்று இந்துஸ்தானியில் கேட்டார்கள். அன்று முழுக்க அவர் சரியாகச் சாப்பிடவில்லை. நான் சிரித்துச் சிரித்து அவருடைய கோபத்தையும் சம்பாதித்துக்கொண்டேன்.

நான் அரக்கோணத்தில் பிறந்தவள். அப்பா ரயில்வேக்காரர்களுக்கு யூனிஃபார்ம் தைத்தவர். கல்யாணமாகித் திருத்தணிக்கு வந்தபோது எனக்கு மிகவும் பிடித்தது எங்கள் கடை இருந்த இடம்தான். மலையேறப் போகிற எல்லோரும் அதைத் தாண்டித்தான் போகவேண்டும். காவடிக்காரர்களுக்கு மஞ்சள் துணி ஓரம் அடித்துக் கொடுப்பது, மொட்டையடித்த பிள்ளைகளுக்குப் புதுச் சட்டை, ஊர்ப் பெண்களுக்கு ரவிக்கை என்று வேலைக்குக் குறைவில்லை. கடை, ரைஸ் மில் முதலாளியின் கட்டடத்தில் முன்பக்கத்து அறை. வீட்டுக்காரர் அங்கே மெஷினில் உட்கார்ந்திருப்பார். நான் பின்தெருவில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து காஜா எடுப்பேன், பொத்தான் தைப்பேன்.

வீட்டுக்காரருக்கு ஒரு வைராக்கியம் உண்டு. யார் என்ன தைக்கக் கொடுத்தார்கள் என்று வெளியே வாயைத் திறக்கமாட்டார். தையற்காரனுக்கு ஊரில் உள்ள எல்லா உடம்பும் தெரியும். ஒருவருக்கு முதுகு கூன ஆரம்பித்திருக்கும். ஒரு வீட்டிலிருந்து அளவு ரவிக்கை திடீரென்று அகலமாகி வரும். "அளவு எடுக்கறவன் மொதல்ல தன் வாயத்தான் தச்சிக்கணும்" என்பார். என்னிடம்கூடச் சொல்லமாட்டார். துணியைப் பார்த்து நானாகக் கண்டுபிடித்துக்கொண்டால் உண்டு.

அந்தத் தை மாதத்தில் பொதட்டூர்பேட்டையிலிருந்து சில நெசவாளி இளைஞர்கள் ஒரு பெரிய கட்டுக் கறுப்புத் துணியைக் கொண்டுவந்து அவரிடம் வைத்தார்கள். துணிக்குக் கன்ட்ரோல் போட்டு ஊரே அல்லாடிக்கொண்டிருந்த காலம். கடையில் கறுப்பு ஒரு முழம்கூடக் கிடைக்காது. இவர்கள் சொந்தத் தறியில் நெய்து, தாங்களே சாயம் தோய்த்திருந்தார்கள். சாமி இல்லை, சாதி இல்லை என்று மேடை போட்டுப் பேசுகிறவர்கள் அப்போது கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். அந்தச் சட்டைதான் இவர்களுக்கும் வேண்டியிருந்தது. இவர்களுடைய அப்பாக்களோ வருஷம் தவறாமல் மலைக்குக் காவடி எடுப்பவர்கள். வீட்டில் தெரிந்தால் தறியில் உட்கார விடமாட்டார்கள். முருகன் மலையடிவாரத்தில் நாத்திகர்களுக்குச் சட்டை தைக்கிறான் என்று தெரிந்தால் எங்களுக்கும் நல்லதில்லை. "துணிக்கு இன்னா ஆத்திகம் நாத்திகம்" என்று சொல்லி வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து உள்ளே வைத்துவிட்டார்.

சுடப்பட்ட செய்தி வந்தது வெள்ளிக்கிழமை, விளக்கு வைத்த நேரத்தில். ஊரில் எல்லோரும் போய் ரேடியோ கேட்கிற வீடு மில் முதலாளியுடையது. ஜன்னலைத் திறந்து வைத்திருப்பார். வெளியே நின்று யார் வேண்டுமானாலும் கேட்கலாம். அந்தப் பெருந்தன்மை அவரிடம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். அன்று அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுததை நானே பார்த்தேன்.

சுட்டவன் யார் என்று ரேடியோ சொல்வதற்குள் தெரு சொல்லிவிட்டது, ஒரு முஸ்லிம்தான் என்று. மலைக்குப் போகிற தெருவில் ஒரு பாய் அத்தர் கடை வைத்திருந்தார். ஊதுபத்தியும் விற்பார், கோயிலுக்குப் போகிறவர்களே வாங்கிப்போவார்கள். யாரோ இரண்டு பேர் அவர் கடைப் பலகையில் கல்லெறிந்தார்கள். பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவர் அடுத்த ரயிலில் அரக்கோணம் போய்விட்டார். சுட்டவன் இந்து என்று ரேடியோ திரும்பத் திரும்பச் சொன்னது. கல்லெறிந்தவர்களும் கேட்டார்கள். பாய் திரும்பி வரவே இல்லை. அதற்கப்புறம் ஊரில் பேசிக்கொண்டது என்ன தெரியுமா? தப்பு செய்யாதவன் எதற்கு ஓடவேண்டும் என்று. அந்தப் பேச்சு என் மனதில் முள்ளாகத் தைத்துவிட்டது.

மறுநாள் கடையடைப்பு. ஊர்வலம் போவதற்கு நெஞ்சில் குத்திக்கொள்ள எல்லோருக்கும் கறுப்புத் துணி வேண்டும். துணிக்கடைகள் மூடியிருந்தன. திறந்திருந்தாலும் கறுப்பு ஏது? ஒருவர் வந்து எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். "அண்ணா, கறுப்பா எதுனா கிழிசல் கெடக்குதா, கையகலம் இருந்தா போதும்" என்றார். வீட்டுக்காரர் ராத்திரியிலிருந்து எதுவும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். அரக்கோணம் ஸ்டேஷனில் எப்போதோ ரயில் நின்றபோது, கூட்டத்துக்கு நடுவே அந்த மொட்டைத் தலையைத் தூரத்திலிருந்து பார்த்தவர். அவ்வளவுதான் உறவு. ஆனாலும் சொந்த அப்பன் போனது போல இருந்தார். எழுந்துபோய் அந்தக் கறுப்புத் துணிக்கட்டை எடுத்துவந்து பிரித்தார்.

"அது அவங்க துணியாச்சே" என்றேன்.

"கேட்டா அவங்களும் குடுத்துடுவாங்க" என்றார்.

அவர் வெட்ட வெட்ட நான் ஓரம் மடித்துக் கொடுத்தேன். ஓரம் மடிக்காமல் எங்கள் வீட்டிலிருந்து துணி வெளியே போகாது, துக்கமானாலும் சரி. வாசலில் கூட்டம் கூடிவிட்டது. தெருவே நெஞ்சில் எங்கள் துணியோடு ஊர்வலம் போனது. முன்னால் கொடி பிடித்துப் போன மில் முதலாளியின் கொடித்துணியும் எங்களுடையதுதான். யாரிடமும் எதுவும் வாங்கவில்லை. "நல்ல மனுஷன்யா" என்று அன்றைக்குச் சொல்லாதவர்கள் இல்லை.

அந்தப் பெயர் நாலு நாள் நின்றது.

அதற்குள் ஊரில் கதைகள் புறப்பட்டிருந்தன. காபி ஓட்டலில் ஒரு கதை, ஸ்டேஷனில் ஒரு கதை, முடி இறக்கும் இடத்தில் ஒரு கதை. வெள்ளைக்காரன் போகிறபோதே ஆள் வைத்துவிட்டுப் போனான் என்றார்கள். ஐதராபாத்திலிருந்து பணம் வந்தது என்றார்கள். பெரியவர் சாகவே இல்லை, அவர் மாதிரி இருந்த இன்னொரு கிழவரைத்தான் எரித்தார்கள், அவர் இமயமலைக்குப் போய்விட்டார் என்று ஒருவர் அடித்துச் சொன்னார். பாதுகாப்புக்கு ஏன் யாரும் இல்லை, டாக்டர் ஏன் உடனே வரவில்லை என்று கேட்டுக் கேட்டு ஒவ்வொருவரும் தில்லியில் வேலை பார்க்கிற மாதிரி பேசினார்கள். எனக்கு அதில் குறையில்லை. துக்கம் பெரிதாக இருக்கும்போது காரணம் சின்னதாக இருந்தால் மனம் ஒப்பாது. ஒரு ஆள், ஒரு துப்பாக்கி என்றால் யாருக்கு ஆறும்? பெரிய வலை ஒன்று வேண்டும். ஆனால் வலை என்று ஒன்று வந்துவிட்டால் அதன் ஒரு முனையைத் தங்கள் ஊரிலும் கட்டிப் பார்க்க ஆசை வந்துவிடுகிறது.

பட்டணத்திலிருந்து வந்த பத்திரிகையில், சுட்டவன் பூனாப் பக்கத்து மராட்டிக்காரன் என்று போட்டிருந்தது. அன்று சாயங்காலமே எங்கள் கடை வாசலில் நடக்கிறவர்களின் நடை மெதுவானது. எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். யாரோ ஒரு புத்திசாலிக்கு அந்தக் கேள்வி தோன்றியிருக்கிறது. துணி கிடைக்காத காலத்தில், செய்தி வந்த மறுநாள் காலையில், இவனிடம் ஒரு கட்டுக் கறுப்புத் துணி எப்படி இருந்தது? முன்கூட்டியே தெரிந்ததனால்தானே தயாராக வைத்திருந்தான்?

அதற்கப்புறம் அவர்களுக்கு எல்லாமே பொருந்தியது. எங்கள் கடையில் ராத்திரி கேட்கிற கடகடச் சத்தம் தையல் மெஷின் இல்லையாம், தந்தி அடிக்கிற கருவியாம். ஆடிக் கிருத்திகைக்கு வந்து மொட்டையடித்துக்கொண்டு எங்கள் வீட்டில் தங்கிப் போன ஆள் பூனாவிலிருந்து வந்தவனாம். அது என் தம்பி. ஊருக்கு வருகிறவர்கள் எல்லாம் மொட்டையாக இருக்கிற திருத்தணியில் ஒரு மொட்டையைப் பார்த்துச் சந்தேகப்பட இவர்களால்தான் முடியும். நான் மாதம் ஒருமுறை அம்மா வீட்டுக்குப் போவதுகூடத் தப்பவில்லை. அரக்கோணத்தில் யுத்த காலத்தில் விமானம் இறங்கப் போட்ட ஏரோட்ராம் இருக்கிறதல்லவா, அங்கிருந்து தில்லிக்கு ஒரே தாவுதானாம். எங்கள் வீட்டில் அப்போது ஒரு சைக்கிள்கூட இல்லை.

இதையெல்லாம் காபி ஓட்டலோடு விட்டிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் ஒரு சாயங்காலம் மில் முதலாளி இங்கிலீஷ் செய்தி முடிந்ததும் ஜன்னலுக்கு வந்து, ரேடியோவே சொல்லிவிட்டது என்றாராம். தெற்கே ஒரு ஊரில் ஒரு தையற்காரன் முன்னாலேயே கறுப்புத் துணி தைத்து வைத்திருந்தான், போலீஸ் தேடுகிறது என்று ரேடியோவில் வந்ததாம். வெளியே நின்றவர்களில் இங்கிலீஷ் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். எங்கள் பக்கத்து வீட்டு டீச்சரம்மா. கிறிஸ்தவர், மிஷன் பள்ளியில் பாடம் சொல்பவர்.

அவர் நேராக என்னிடம் வந்தார். "அக்கா, அந்த மாதிரி ஒரு வார்த்தகூட ரேடியோல வரல. நான் கடைசி வரைக்கும் நின்னு கேட்டுகினு இருந்தேன்" என்றார்.

"அங்கயே சொல்லியிருக்கலாமே டீச்சர்."

"நான் சொன்னா எடுபடாது அக்கா. வெள்ளைக்காரன் வேலன்னு ஒரு கத ஓடிகினு இருக்குது இல்ல, அதுல எங்களயும் சேத்துதான் பேசறாங்க. எங்க சர்ச்சு மணி அன்னிக்கி ஏன் அடிச்சிச்சின்னு கேக்கறாங்க." சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நீங்க ரெண்டு பேரும் கொஞ்ச நாளு அரக்கோணம் போயிட்டு வாங்க. தானா அடங்கிடும்."

அவர் என் நல்லதுக்குத்தான் சொன்னார். எனக்கு அத்தர் பாய் கடைப் பலகை ஞாபகம் வந்தது.

மில் முதலாளி ஏன் அப்படிச் சொன்னார் என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். எங்கள் மேல் அவருக்குப் பகை கிடையாது. அவருடைய அழுகையும் பொய்யில்லை. ஆனால் தினமும் சாயங்காலம் ஜன்னலுக்கு வெளியே அத்தனை முகங்கள் அண்ணாந்து நிற்கும்போது, இன்றைக்குப் புதிதாக ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. ரேடியோ தராததை அவரே தந்துவிட்டார். இதைப் புரிந்துகொள்கிறேன். மன்னித்தேனா என்றால் இல்லை.

மறுநாள் அவர் பெரிய மனிதர்கள் இரண்டு பேரோடு கடைக்கு வந்தார். நான் சாப்பாட்டுக் கூடையோடு அங்கே இருந்தேன். என்னைப் பார்க்காதது போலப் பேசினார்.

"டெய்லரே, ஒம்மேல எனுக்குக் கோவம் ஒன்னும் இல்ல. பதிமூணாம் நாளு கொளத்துல குளிச்சிட்டு ஊரோட மலைக்குப் போறோம். நீயும் வா. சாமி முன்னால கற்பூரம் அணைச்சி, அந்தத் துணி யாரு குடுத்தது, எதுக்குக் குடுத்ததுன்னு சொல்லிடு. ஊர் வாயி மூடிக்கும்."

"எனக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லன்னு சத்தியம் பண்றேன் மொதலாளி. யாரு குடுத்ததுன்னு மட்டும் கேக்காதீங்க."

"அத சொல்லலன்னா அப்புறம் இன்னா சத்தியம்? சித்தூர்லருந்து இன்ஸ்பெக்டர் வர்றாரு. எனுக்குத் தெரிஞ்சத நான் சொல்லித்தான் ஆவணும். கடையும் எனுக்கு வேணும்னு வச்சிக்கோ."

எங்கள் ஊரில் கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சொன்ன சொல்லுக்கு மேல் சொல் கிடையாது. பொய் சொல்லி அணைத்தால் குடும்பம் விளங்காது என்று எல்லோரும் நம்பினோம். நானும்தான். வீட்டுக்காரர் முருகன் முன்னால் பொய் சொல்லமாட்டார். உண்மையைச் சொன்னால் அந்த இளைஞர்கள் மாட்டிக்கொள்வார்கள். எதற்கு, யாரை என்று இல்லாமல் போலீஸ் ஊர் ஊராக ஆட்களைப் பிடித்துக்கொண்டிருந்த நேரம். கறுப்புச் சட்டை என்றால் கேட்கவே வேண்டாம்.

அந்த நெசவாளி இளைஞர்களில் ஒருவர் அந்த வாரமே, துண்டு விற்க வந்தவர் போல மூட்டையோடு பட்டப்பகலில் எங்கள் வீட்டுக்கு வந்தார். மீசை அப்போதுதான் அடர்ந்திருந்தது. வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு, "ஒங்க துணிய கேக்காமயே வெட்டிட்டேம்பா" என்றார்.

"தெரியுண்ணா. எங்க ஊர்வலத்துலயும் நாங்க கறுப்புதான் குத்திகினு போனோம்" என்றார் அவர். பிறகு மூட்டையின் முடிச்சை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தார். "இங்க பேசிக்கறது எல்லாம் கேள்விப்பட்டோம். எங்க பேர சொல்லிடுங்கண்ணா. வர்றது வரட்டும்."

பயம் அவருக்கும் இருந்தது. ஆனாலும் சொன்னார். அந்தத் தைரியத்தை நான் இன்றைக்கும் மதிக்கிறேன்.

"நீ துண்டு விக்க வந்த. வித்துட்டுப் போ" என்றார் வீட்டுக்காரர். உண்மையாகவே ஒரு துண்டு வாங்கிக்கொண்டு அவரை அனுப்பிவைத்தார்.

பதிமூன்றாம் நாள் காலை. வீட்டுக்காரர் முந்தின நாளே மெஷினைக் கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். திருகாணிகளைக் கழற்றி மெஷின் தலையைத் தனியே எடுத்துக் கோணிப்பையில் சுற்றிக்கொண்டிருந்தார். மத்தியான ரயிலுக்கு அரக்கோணம். என்னைக் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தால் கேட்கிற நிலையிலும் இல்லை. அந்த மனிதர் தப்புச் செய்தவர் மாதிரி குனிந்து கயிறு கட்டுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஊர்மேல் வந்த ஆத்திரத்தில் கொஞ்சம் அவர்மேலும் வந்தது.

"ஜட்கா கூப்பிட்டுகினு வர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஜட்கா வண்டிகள் நிற்கிற பக்கம் போகவில்லை. மலையடிவாரத்துக் குளத்துக்குப் போனேன்.

அங்கே ஊர் ஆம்பிளைகள் எல்லோரும் கூடியிருந்தார்கள். சொந்தத் தகப்பனுக்குச் செய்வது போல நிறையப் பேர் மொட்டையடித்து, முழுகி, ஈரத்தலையோடு நின்றார்கள். மரத்தடியில் நாற்காலி போட்டுப் பெரியவர் படத்தை வைத்து மாலை சாத்தியிருந்தார்கள். படத்துக்கு முன்னால் தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. மேல்துண்டிலும் சட்டையிலும் எங்கள் கறுப்புத் துணி. தூரத்திலிருந்தே நான் மடித்த ஓரம் எனக்குத் தெரிந்தது. பெண்கள் யாரும் இல்லை. பெண்கள் வருகிற இடமில்லை அது.  கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் நடுவில் நின்றேன்.

"நீங்க குத்திகினு இருக்கற துணியெல்லாம் எங்க வூட்டுது. எனக்குத் திரும்ப வேணும்" என்றேன்.

மில் முதலாளி முன்னால் வந்தார். "இன்னாம்மா இது. சாவுக் காரியம் நடக்கற எடத்துல பொம்பள வந்து நின்னுகினு."

"சாவுக்கு முன்னாலயே தெரிஞ்சி வெட்டி வச்ச துணின்னு நீங்கதான் மொதலாளி சொல்லிகினு இருக்கீங்க. கொலகாரன் வூட்டுத் துணிய நெஞ்சுல குத்திகினு அவரு படத்துக்கு முன்னால நிக்கலாமா? கழட்டிக் குடுங்க. நான் எடுத்துகினு போறேன்."

முந்தானையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றேன். முன்வரிசையில் இருந்த பூக்கடைக்காரர் ஊசியைக் கழற்றப் பார்த்தார். பக்கத்தில் நின்றவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பதிமூன்றாம் நாள், படத்துக்கு எதிரே, துக்கத் துணியைப் பிடுங்கிப் போடுவதா? அது செத்தவருக்குச் செய்கிற அவமரியாதை. கழற்றாமல் நின்றாலோ, அந்தத் துணியில் ஒரு பாவமும் இல்லை என்று அவர்களே ஒப்புக்கொண்டதாகும். நான் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தேன். ஒவ்வொருவராகத் தரையைப் பார்த்தார்கள்.

"துணி வேற, ஆளு வேறம்மா" என்றார் முதலாளி. "நானா எதுவும் கட்டிச் சொல்லல. ரேடியோல வந்தத சொன்னேன்."

"ரேடியோ சொல்லிச்சா?"

"ஆங். சொல்லிச்சி."

தட்டை எடுத்தேன். சூடு விரலில் ஏறியது. அவருக்கு முன்னால் நீட்டினேன்.

"அப்ப இத அணைச்சிட்டு சொல்லுங்க. தெக்குல ஒரு தையக்காரன் மொதல்லயே கறுப்புத் துணி தச்சி வச்சிருந்தான்னு ரேடியோ சொல்லிச்சின்னு. நீங்க சொன்ன கையோட எங்க வூட்டுக்காரர நானே இட்டுகினு வந்து மலைமேல நிறுத்தறேன். எல்லாத்தையும் சொல்லச் சொல்றேன்."

அந்த நேரத்தில் எனக்கிருந்த பயத்தைச் சொல்லத் தெரியவில்லை. அவர் மட்டும் அணைத்துவிட்டால் என் வீட்டுக்காரருடைய வாயையும் அந்த இளைஞர்களையும் நானே பணயம் வைத்தவளாவேன். எனக்கிருந்த ஒரே நம்பிக்கை அந்த மனிதருக்கு முருகன்மேல் இருந்த பயம்தான். அது உண்மையான பயம் என்று எனக்குத் தெரியும். கிருத்திகைக்குக் கிருத்திகை அவர் மலையேறுவதை எங்கள் கடை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவள் நான்.

அவர் கையைத் தூக்கினார். உள்ளங்கை சுடருக்கு மேலே வந்தது.  கை அங்கேயே நின்றது. பிறகு கீழே இறங்கி, வேட்டியில் துடைத்துக்கொண்டது. அதில் துடைப்பதற்கு ஒன்றுமே இல்லை.

"சத்தியமெல்லாம் இந்த மாதிரி சின்ன விசயத்துக்குப் பண்ணக்கூடாதும்மா" என்றார்.

"நேத்து வரைக்கும் பெரிய விசயமாத்தான இருந்திச்சி மொதலாளி" என்றேன்.

 யாரும் என்னிடம் வருத்தம் தெரிவிக்கவில்லை. கற்பூரம் தானாக எரிந்து அடங்கியது. தட்டைப் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன். எனக்குப் பின்னால் அவர்கள் மெதுவாக மலைப்படி பக்கம் நகர்ந்தார்கள். யாரும் துணியைக் கழற்றவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்தார், போனார். எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை. கடையை முதலாளி பூட்டிக்கொண்டார். அது அவருடைய கட்டடம், பூட்டிக்கொள்ளட்டும். கதைகளும் சாகவில்லை. அத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவே வந்து நின்று பேசினாளே, அவள் சாதாரணப் பெண்ணா, பூனாவில் பயிற்சி எடுத்தவளாக இருக்கும் என்று காபி ஓட்டலில் புதிதாக ஒன்று கிளம்பியது. பூனாவை நான் இதுவரை பார்த்ததில்லை. இனிமேலும் பார்க்கிற உத்தேசமில்லை.

அன்று நான் வீட்டுக்குத் திரும்பியபோது வீட்டுக்காரர் கோணிப்பை மூட்டை மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குளத்தங்கரையிலிருந்து ஓடிவந்த பள்ளிப் பிள்ளைகள் சொல்லக் கேட்ட டீச்சரம்மா, எனக்கு முன்னாலேயே வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் கயிற்றை அவிழ்த்தேன். மெஷின் தலையைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்தேன். பெண்பிள்ளை தூக்குகிற கனமில்லை அது. எப்படித் தூக்கினேன் என்று தெரியவில்லை. திருகாணியை முறுக்க ஆரம்பித்தேன்.

"அப்புறம் இன்னா சொன்னாங்க?" என்று கேட்டார்.

"ஒன்னும் சொல்லல."

"நம்ம மேல தப்பு இல்லன்னு நம்பிட்டாங்களா?"

"நம்பல."

அவர் என்னையே பார்த்தார். "நம்பலயா? அப்புறம் எதுக்கு மெஷின மாட்டற?"

"அவங்க நம்பறதுக்காகவா நாம இந்த ஊர்ல இருக்கோம்?" என்றேன். "அந்தத் திருகாணிய எடுங்க."

அவர் எடுத்துக் கொடுத்தார்.